கைகொடுத்தவர்கள்

புதுச்சேரி
28-5-1979

அன்புத் தம்பி உத்திராபதிக்கு அண்ணன் சோமசேகரன் எழுதுவது. நானும் உன் அண்ணி பங்கஜவல்லியும் சுகம். நீயும் தையல்நாயகியும் அவ்விடம் சுகமாயிருக்க வேண்டும். வெயில் காலத்தில் உனக்கு வரும் தலைவலி இந்த வருஷம் எப்படி இருக்கிறது?

ஒரு காரியமாக எழுதுகிறேன். இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் என்னிடம் இலத்தீன் படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் நம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள். ரோமானியர் படையெடுத்துப் போன கதைகள்தான் அவர்களுக்குப் பாடம். அந்த உரைநடையில் சில மரபுத்தொடர்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும். பிள்ளைகள் சொல்லுக்குச் சொல் பெயர்த்து மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள். 'காஸ்த்ரா மொவேரெ' என்றால் 'முகாமை ஆட்டுதல்' என்று எழுதி வைத்திருக்கிறான் ஒருவன். பாளையத்தைக் கலைத்துக்கொண்டு புறப்படுதல் என்பதல்லவா பொருள்! ஆகவே இப்படிப்பட்ட தொடர் நூற்றிருபதைத் திரட்டி, பிரெஞ்சிலும் தமிழிலும் பொருள் கொடுத்து ஒரு சிறு புத்தகம் போடப்போகிறேன். அச்சகத்தில் பேசியாயிற்று.

எனக்கு ஏட்டுத் தமிழ் தெரியும். பட்டாளத்துத் தமிழ் தெரியாது. நீ பதினைந்து வருஷம் பிரெஞ்சுப் படையில் இருந்தவன். உங்களுக்குள் தமிழில் எப்படிச் சொல்லிக்கொள்வீர்கள் என்று எழுது. இப்போதைக்கு இரண்டு: 'தெர்கா வெர்த்தெரெ', முதுகைத் திருப்புதல். 'அக்மென் க்லௌதெரெ', வரிசையை மூடுதல், அதாவது படையின் கடைசியில் நடந்து வருதல். இதற்குக் 'கூழை' என்ற பழந்தமிழ்ச் சொல்லைப் போடலாமென்று நினைக்கிறேன்.

ஆசிகளுடன்,
சோமசேகரன்

*

கோவில்பத்து, காரைக்கால்
14-6-1979

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்குத் தம்பி உத்திராபதியின் வணக்கம். அண்ணிக்கும் வணக்கம் சொல்லவும். தலைவலி இருக்கிறது, அதோடு நானும் இருக்கிறேன். புயலில் போன ஓட்டுக்கூரையை ஒருவழியாக மாற்றிவிட்டேன். அடுத்த மாதம் மாங்கனித் திருவிழாவுக்கு நீங்கள் இருவரும் வரவேண்டும் என்று தையல்நாயகி சொல்லச் சொன்னாள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டு எழுதியது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது.

முதுகைத் திருப்புவதற்குத் தமிழில் புறமுதுகு என்று இருக்கவே இருக்கிறது. ஆனால் பட்டாளத்தில் நாங்கள் அப்படியா பேசினோம்? 'செருப்பைக் கையில எடுத்துட்டான்' என்போம். கூழை என்று போடாதீர்கள் அண்ணா, பிள்ளைகள் குடிக்கிற கூழ் என்று எழுதிவிடுவார்கள். நாங்கள் 'வாலு' என்போம். 'இன்னைக்கு யாரு வாலு?' என்றால், யார் கடைசியில் நடக்க வேண்டும் என்று அர்த்தம். பெரும்பாலும் நானும் தாவூதும்தான்.

தாவூது ஞாபகம் இருக்கிறதா? திருமலைராயன்பட்டினத்துக்காரர், என்னோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர். இப்போது கடைத்தெருவில் கயிற்றுக்கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிளில் இங்கே வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். இருவரும் அதிகம் பேசுவதில்லை. உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். 'ஒங்க அண்ணன் நல்ல வேலைதான் குடுத்திருக்காங்க' என்று சிரித்தார்.

இன்னும் அனுப்புங்கள்.

பணிவுடன்,
உத்திராபதி

*

புதுச்சேரி
3-7-1979

தம்பிக்கு அண்ணன் ஆசி கூறி எழுதுவது. இங்கே எனக்கு லேசாக இருமல். மற்றபடி குறையில்லை. மாங்கனிக்கு வர இயலாது, தேர்வுத்தாள் திருத்தும் வேலை இருக்கிறது. தையல்நாயகி வருத்தப்பட வேண்டாம்.

'வாலு' மிக நன்று. பாடப்புத்தகத்துக்கு ஒவ்வாது என்றாலும் அடிக்குறிப்பில் சேர்த்துவிட்டேன். அடுத்த பட்டியல் இதோ.

'ஃப்ரூமெந்தாத்தும் மித்தெரெ': தானியத்துக்கு அனுப்புதல்.

'இன் தெதித்தியோனெம் அக்கிப்பெரெ': சரணாகதிக்குள் ஏற்றுக்கொள்ளுதல்.

'அத் ஊனும் ஒம்னெஸ்': ஒருவன் வரைக்கும் எல்லோரும், அதாவது ஒருவன்கூட மிஞ்சாமல்.

'மானுஸ் தாரெ': கைகளைக் கொடுத்தல்.

இந்தக் கடைசித் தொடர்தான் வேடிக்கை. தமிழில் கைகொடுத்தான் என்றால் உதவினான் என்று பொருள். இலத்தீனில் கைகளைக் கொடுத்தான் என்றால், கட்டிக்கொள் என்று கைகளை நீட்டிவிட்டான், தோற்றுப்போனான் என்று பொருள். பிள்ளைகள் எல்லோரும், ஒருவர் பாக்கியில்லாமல், 'எதிரிகள் உதவி செய்தனர்' என்று எழுதுகிறார்கள்! உண்மையிலேயே சரணடைகிறவர்கள் கையை எப்படி வைத்துக்கொள்வார்கள்? மேலே தூக்குவார்களா, முன்னால் நீட்டுவார்களா? நீ பார்த்திருப்பாயே. இரண்டு வரி எழுது, பிள்ளைகளுக்கு விளக்க உதவும்.

சோமசேகரன்

*

கோவில்பத்து
29-8-1979

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். இருமல் நின்றதா? இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை ஒன்றும் இல்லை, எழுதவில்லை, அவ்வளவுதான்.

'தானியத்துக்கு அனுப்புதல்' என்பதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தொடர். போனது யார் என்று அதில் இருக்கிறது, யாருடைய தானியம் என்று இல்லை. நாம் சுரக்குடியில் பிறந்த பிள்ளைகள். ஒரு வருஷத்து நெல்லை ஒரு வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனால் மறுநாள் அந்த வீட்டில் அடுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மற்றது பிறகு.

ஜூலை பதினான்காம் தேதி பிரெஞ்சு தேசியத் திருநாளுக்குப் பழைய சிப்பாய்கள் எல்லோரும் வழக்கம்போல மெடல் குத்திக்கொண்டு அணிவகுத்துப் போனார்கள். இந்த வருஷம் நான் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன்.

உத்திராபதி

*

புதுச்சேரி
10-9-1979

தம்பிக்கு. உன் வயிற்றுவலி தீர்ந்திருக்கும் என எண்ணுகிறேன். எனக்கு இருமல் போய்விட்டது.

நான்கு கேட்டேன், ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. அதுவும் பதிலாக இல்லை. அச்சகத்தார் அவசரப்படுத்துகிறார்கள். சரணாகதி பற்றியது, 'ஒருவன் வரைக்கும்' என்பது, கை பற்றியது, மூன்றும் பாக்கி. உனக்கு இது பத்து நிமிஷ வேலை. எதையும் நெஞ்சில் வைத்துக் குழப்பிக்கொள்ளாதே. நான் கேட்பது இலக்கணம், வேறொன்றுமில்லை.

சோமசேகரன்

*

கோவில்பத்து
2-11-1979

பெரிய மாமா அவர்களுக்குத் தையல்நாயகி வணக்கம் தெரிவித்து எழுதுவது. அக்காவும் நீங்களும் சௌக்கியமா? நான் எட்டாவதுதான் படித்தேன். தப்பு இருந்தால் மன்னிக்கவும். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

மாமா, நீங்கள் என்ன எழுதிக் கேட்டீர்கள்? அவர் தட்டில் வைத்ததைப் பிசைந்தபடியே இருக்கிறார். தீபாவளிக்கு எடுத்த வேட்டியை இன்னும் பிரிக்கவில்லை. உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறார். போன வாரம் பக்கத்து வீட்டில் நாற்றங்காலுக்குக் கிடந்த வைக்கோலைக் கொளுத்தினார்கள். அந்தப் புகையைப் பார்த்ததும் ஓடிப்போய் வெறுங்கையால் அணைத்தார். உள்ளங்கை இரண்டும் வெந்துவிட்டது. 'ஏங்க, அது வைக்கோலுங்க, வேண்டாம்னு அவங்களே கொளுத்துறாங்க' என்றேன். 'உள்ள ஆளு இருக்கான்னு பாத்தியாடி?' என்று என்னைக் கேட்டார்.

தாவூது அண்ணன் வந்து மருந்து போட்டுக் கட்டுப்போட்டுவிட்டார். அவரிடம் கேட்டேன். 'எங்கிட்ட கேக்காதம்மா. அவன் வாயால சொல்லட்டும்' என்கிறார். பதினாறு வருஷம் இவரோடு குடும்பம் நடத்துகிறேன். பட்டாளத்தைப் பற்றி நான் கேட்டால் பனி கொட்டும், ரொட்டி கல்லாட்டம் இருக்கும் என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள். நான் தாங்கிக்கொள்வேன்.

தையல்நாயகி

*

புதுச்சேரி
9-11-1979

சகோதரி தையல்நாயகிக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம்.

பயப்பட ஒன்றுமில்லை. ஐப்பசி மழையில் சிலருக்கு மனம் சோர்வது வழக்கம். நான் கேட்டது சில இலத்தீன் சொற்களுக்குப் பொருள் மட்டுமே. அவனுடைய பட்டாளத்து நாட்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நல்ல வைத்தியரிடம் காட்டு. கைக்காயம் ஆறும்வரை தண்ணீரில் நனைக்க வேண்டாம்.

புத்தகத்துக்காக அவன் இனிச் சிரமப்பட வேண்டாமென்று சொல். மீதியை நானே எழுதிக்கொண்டேன்.

சோமசேகரன்

*

கோவில்பத்து
16-12-1979

அண்ணன் அவர்களுக்கு உத்திராபதியின் வணக்கம். உடம்பு சுகந்தானே? கைக்கட்டு அவிழ்த்தாயிற்று, பேனா பிடிக்க வருகிறது.

தையல்நாயகிக்கு நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் பட்டாளத்து நாட்களைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். அதனால் நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் எழுதுகிறேன்.

அல்ஜீரியாவில் 1958-ஆம் வருஷம் நவம்பர் மாதம். மலைமேல் ஒரு கிராமம், இருபது வீடு இருக்கும். அதற்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் ஆட்கள் இரண்டு பேரை யாரோ சுட்டுவிட்டார்கள். சுட்டது அந்தக் கிராமத்துக்காரர்களா என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் விடியலில் போய்ச் சுற்றிக்கொண்டோம். உள்ளேயிருந்து ஒன்பது பேர் இறங்கி வந்தார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு விளக்கச் சொன்னீர்களே. கையை மேலே தூக்கவில்லை. முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார்கள், உள்ளங்கை மேலே பார்க்க, எதையோ வாங்கிக்கொள்ள வருகிறவர்கள் மாதிரி. எல்லோரும் உழுகிறவர்கள். ஒருவர் கையில் நம் அப்பாவுக்கு இருந்தது போலவே பித்தவெடிப்பு. கையில் அப்படி வெடித்து நான் அப்பாவிடம் மட்டுந்தான் பார்த்திருக்கிறேன்.

அதிகாரி சரணாகதியை ஏற்றுக்கொண்டார். அதைத் தாளிலும் எழுதிக்கொண்டார். அப்புறம் தானியக் குதிர்களைக் கொளுத்தச் சொன்னார். ஒரு குதிருக்குப் பின்னால் ஒரு பொம்பளை ஒளிந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. தீ வைத்தது நான்.

அப்புறம் அந்த ஒன்பது பேரையும் ஓடைக்கரைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அன்றைக்கு வாலு நானும் தாவூதும், இன்னும் மூன்று பேரும். அவர்கள் கலிமா சொன்னார்கள். தாவூது துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டார். 'என்னால முடியாது, என்னையும் அந்தப் பக்கம் நிறுத்துங்க' என்று தமிழிலேயே சொன்னார். அதிகாரிக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்டார். 'உடம்பு சரியில்லையாம்' என்று நான் பிரெஞ்சில் சொன்னேன். தாவூதுக்குப் பதினாலு மாதம் பட்டாளத்துச் சிறை. பிறகு ஒன்றும் கொடுக்காமல் ஊருக்கு அனுப்பினார்கள்.

நான் சுட்டேன். ஒருவன் வரைக்கும் எல்லோரும். கடைசி ஒருவர் அந்த வெடிப்புக் கைக்காரர்.

அண்ணா, இதையெல்லாம் நான் இப்போதுதான் உங்களுக்கு முதல் தடவையாக எழுதுகிறேனா? அந்த நவம்பர் கடைசியிலேயே எழுதினேன், ஆறு பக்கம். நீங்கள் அப்போது பிரான்சில் படித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு கப்பலும் ஒரு ரயிலும்தான் நமக்கு நடுவில். இங்கேயிருந்து எப்படியாவது என்னைக் கூட்டிப்போங்கள், ஓடிவந்துவிடவா, சிறைக்குப் போகவா, நீங்கள் சொல்வதைச் செய்கிறேன் என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்து உங்கள் பதில் வந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி என்றும், முதல் பகுதித் தேர்வில் தேறிவிட்டீர்கள் என்றும், குளிருக்குக் கம்பளி உடுத்திக்கொள் என்றும் எழுதியிருந்தீர்கள். ஆறு பக்கம் தபாலில் தொலைந்துவிட்டது என்று இருபத்தொரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கடிதம் வந்ததா? அதை மட்டும் எழுதுங்கள்.

உத்திராபதி

*

புதுச்சேரி
20-2-1980

உத்திராபதி,

நலம் கேட்டு எழுதும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா?

இரண்டு மாதமாக எழுதிக் கிழித்துப் போட்டேன். உன் அண்ணி 'என்னதான் எழுதறீங்க?' என்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

கடிதம் வந்தது.

மாடியில் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். நீலத்தாள், ஆறு பக்கம், நான்காவது பக்கத்தில் மை கலைந்திருந்தது. படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு என்ன பாடம் என்றுகூட நினைவிருக்கிறது, சொல்லமாட்டேன். இரவு எடுத்து மறுபடி படித்தேன். நீ ஓடிவந்தால் உன் சம்பளம் நிற்கும். அது நின்றால் என் படிப்பு நிற்கும், சுரக்குடியில் அப்பா அம்மா சாப்பாடும் நிற்கும் என்று எண்ணினேன். அப்பா அம்மாவைப் பிற்பாடுதான் சேர்த்துக்கொண்டேன், முதலில் நினைத்தது என் படிப்பைத்தான். ஆட்சேர்ப்பு அலுவலகத்துக்கு உன் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவன் நான். அங்கே உன் வயதைக் கூட்டிச் சொன்னவனும் நான்.

கணப்பில் போட்டுக் கொளுத்தினேன். பிறகு கம்பளி உடுத்திக்கொள் என்று உனக்கு எழுதினேன்.

அதன்பின் இலத்தீன் தேறி, ஆசிரியனாகி, இருபது வருஷம் அந்தப் போர்க்கதைகளையே நடத்தினேன். வேறு பாடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'சரணாகதி ஏற்கப்பட்டது' என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் அது வெறும் இலக்கணந்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது. உன்னிடம் ஏன் கேட்டேன்? நீ சிரித்துக்கொண்டு பதில் எழுதினால், அது உனக்கு மறந்துபோயிற்று என்று நான் நிம்மதியாக இருக்கலாம் என்பதற்காக. முதல் கடிதத்தில் நீ சிரித்தாய். அதனால்தான் துணிந்து இரண்டாவது பட்டியலை அனுப்பினேன்.

புத்தகம் அச்சாகிவிட்டது. முன்னுரையில் உனக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அதை நிறுத்தச் சொல்லப் போனபோது பிரதிகள் எல்லாம் பள்ளிகளுக்குப் போய்விட்டிருந்தன.

நான் வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது.

சோமசேகரன்

*

கோவில்பத்து
11-5-1980

பெரிய மாமாவுக்குத் தையல்நாயகி எழுதுவது. வணக்கம். அக்கா சௌக்கியம் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை அவர் என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். தாவூது அண்ணனும் உட்கார்ந்திருந்தார். 'கடிதம் வந்தது' என்ற இடத்தில் 'போதும்' என்று இவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். மீதியை நான்தான் தனியாகப் படித்தேன். அவர் உங்களுக்கு எழுதியதையும் தாவூது அண்ணன் எனக்குச் சொல்லிவிட்டார். இப்போது எல்லாம் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் பேசுவது குறைந்து குறைந்து இப்போது இல்லவே இல்லை. பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் போய், உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும், உங்களுக்குத் தெரியும். தாளை வாங்கிவந்து முன்னால் வைத்தேன். பேனாவைக் கையில் கொடுத்தேன். 'இதுல நான் பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்' என்றார். 'எது பொய்யிங்க? நீங்க உசுரோடதானே இருக்கீங்க?' என்றேன். 'நீ சொல்லு, இருக்கேனா?' என்றார். அவர் கடைசியாக என்னிடம் பேசியது அதுதான்.

தாவூது அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். 'எனக்குத்தான் கெடைக்கல, நீயாவது வாங்கித் தின்னுடா' என்று அழுதார். அந்தப் பெரிய மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. இவர் அவர் காலைத் தொட்டார். கையெழுத்து மட்டும் போடவில்லை. தவணை முடிந்து பென்ஷனும் நின்றுவிட்டது.

வந்து பாருங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார் என்று நினைக்கிறேன். எழுதும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் வாருங்கள்.

தையல்நாயகி

*

கோவில்பத்து
3-8-1980

பெரிய மாமா அவர்களுக்கு,

நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த விவரம் கிடைத்தது. அக்காவுக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தீர்கள், கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்.

நீங்கள் இங்கே இருந்த இரண்டு நாளும் நான் கும்பிடாத தெய்வமில்லை. நீங்கள் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து, 'தம்பி, என்னை ஒரு அறை அறைஞ்சுடுடா' என்று கேட்டதை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் எழுந்து உங்களுக்கு இலை போட்டார். தண்ணீர் மொண்டு வைத்தார். படுக்கப் பாய் விரித்தார். எல்லாம் செய்தார், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நீங்கள் பஸ் ஏறிய பிறகு வாசலிலேயே நின்றிருந்தார். சாயங்காலம் என்னைப் பார்த்து, 'அண்ணன் வயிறாரச் சாப்பிட்டாங்களா?' என்று கேட்டார். மூன்று மாதத்துக்கு அப்புறம் ஒரு வார்த்தை. சாப்பிட்டாங்க என்றேன். நீங்கள் சோற்றைத் தொடாமலே இலையை மூடி வைத்துவிட்டுப் போனதைச் சொல்லவில்லை. அன்றைக்கு அவரும் சாப்பிட்டார்.

அவ்வளவுதான் மாமா. மறுநாள் பழையபடி ஆகிவிட்டார்.

சுரக்குடியில் நடவுக்குப் போகிறேன். முதலில் வெட்கமாக இருந்தது, இப்போது இல்லை. தாவூது அண்ணன் கடையில் கயிறு திரிக்க இவரைக் கூட்டிப்போகிறார். போகிறார், வருகிறார். அண்ணன் சம்சாரம் ஜொஹரா அக்கா மதியம் சோறு போட்டால் சாப்பிடுகிறார். தீப்பெட்டி மட்டும் அவர் கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன்.

போன வாரம் உங்களிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அவருக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடுகிறது. நடுக்கம் நிற்க ஒரு நாள் ஆகிறது. நீங்கள் மன்னிப்புக் கேட்டுத்தான் எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எழுதினால் உங்களுக்குப் பாரம் குறையும் என்பதும் தெரியும். அந்தப் பாரத்தை இறக்கிவைக்க இந்த வீட்டில் இடம் இல்லை மாமா.

இனிமேல் எழுதாதீர்கள். இது அவர் சொன்னதில்லை. அவருக்குச் சொல்லத் தெரியாது, நீங்கள் அண்ணன். நான்தான் சொல்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம்.

தையல்நாயகி